பெயரில்லாத ஒன்பது பக்கங்கள்

போன வாரம் எங்கள் அறையின் ஆறு வாளிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "வாளியை வைத்தே இன்னும் எத்தனை வாரம் ஓட்டப்போகிறாய்?" என்று ஒரு தோழி கேட்டாள். சரி, வாளியை இறக்கி வைத்துவிடுகிறேன். இந்த வாரம் பஸ்.

பிற்பகல் இரண்டரை மணி. முதல் ஷிப்டு முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். டிரைவருக்குப் பின்னால் நான்காவது இருக்கையில் நானும் ஸ்டெல்லா அக்காவும்.

என் மடியில் ஒன்பது ஜெராக்ஸ் பக்கங்கள். ஒரு நாவலின் முதல் அத்தியாயம். மூன்று நாட்களாகத் தினம் மூன்று பக்கம் வீதம் அக்காவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் வரி தவறும். அக்கா வெளியே கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி கேட்பார்.

அன்று கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா திரும்பவில்லை.

"அந்தாளு இல்ல, வேணி," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பக்கத்து இருக்கை

கம்பெனி பஸ்ஸில் இருக்கைக்குப் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் யாருக்கு எது என்பது முடிவான விஷயம். புதிதாக வந்தவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். உரியவர் பக்கத்தில் வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சும்மா பார்ப்பார். அதற்குச் சண்டையே தேவலாம்.

நான் சேர்ந்த முதல் நாள் அப்படிப் போய் உட்கார்ந்தது ஸ்டெல்லா அக்காவின் ஜன்னலோரத்தில். அவர் பார்வையால் எரிக்கவில்லை. "தள்ளி ஒக்காரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலை எடுத்துக்கொண்டார். அதோடு பக்கத்து இருக்கை என்னுடையதாகிவிட்டது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. வேலைக்காக மண்ணூரில் தங்கியிருந்தேன். ஓர் அறையில் ஆறு பெண்கள், மூன்று ஷிப்டு. ஒருத்தி சமைக்கும்போது ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். ஆறு பேர் இருக்கிற அறையில் பேச ஆள் கிடையாது என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, மோட்டார் போட்டாயா, என் பக்கெட்டை யார் எடுத்தது என்பதெல்லாம் வாட்ஸப்பிலேயே நடந்துவிடும்.

வீட்டுக்கு ஃபோன் செய்தால் அம்மா "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். அதற்குமேல் இருவரிடமும் சரக்கு இருக்காது. ஒரு நாளில் நான் முழு வாக்கியமாகப் பேசியதெல்லாம் அந்த நான்காவது இருக்கையில்தான்.

பேசியது என்றால், பெரும்பாலும் கேட்டது. ஸ்டெல்லா அக்காவுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். உள்ளூர்க்காரர். எங்கள் லைனில் பேக்கிங் வேலை. அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் வீட்டுக்காரரிடம் போய்த்தான் நிற்கும்.

"எங்க வூட்டுக்காருக்கு இன்னிக்கு நெத்திலி வோணுமாம். இந்த வெயில்ல நான் எங்க போயி நெத்திலி தேடறது, சொல்லு."

"டீய கைல குடுத்தாதான் எயுந்துக்குவாரு. ஒரு நாளு குடுக்காம இருந்து பாக்கணும், இன்னா பண்றாருன்னு."

புதன்கிழமைகளில் கான்டீனில் கேசரி போடுவார்கள். அக்கா தன் பங்கைத் தொடமாட்டார். டிபன் பாக்ஸில் வைத்து மூடிக்கொள்வார். "அவருக்குக் கேசரின்னா உசுரு" என்பார்.

எனக்குப் பொறாமையாக இருக்கும். மறைப்பானேன்? எனக்காகக் கேசரியை மூடி எடுத்துவர உலகத்தில் ஒருவரும் இல்லை என்று, இருபத்துமூன்று வயதில், ஒவ்வொரு புதன்கிழமையும் நினைத்துக்கொள்வேன்.

ஃபர்ஸ்ட் பீஸ்

என் வேலை தரச் சோதனை. கார் கதவின் பிளாஸ்டிக் கைப்பிடி செய்கிற லைன்.

ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும்போதும் மிஷினிலிருந்து விழும் முதல் சரியான கைப்பிடியை எடுத்து எல்லா அளவும் பார்ப்போம். நீளம், அகலம், துளை, நிறம், எடை. அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு படிவம் உண்டு. என்ன பார்க்கிறோம், என்ன இருக்கவேண்டும், என்ன இருக்கிறது, சான்று, முடிவு. இப்படி ஐந்து கட்டம். நிரப்பி, பிரிண்ட் எடுத்து, லைன் தொடங்கும் இடத்தில் உள்ள பலகையில் கிளிப் போட்டு மாட்டவேண்டும். கைப்பிடிக்குப் பச்சை அட்டை கட்டி அதன் பக்கத்தில் தொங்கவிடுவோம். அதுதான் ஃபர்ஸ்ட் பீஸ்.

அது ஓகே என்றால் அந்த ஷிப்டு ஓகே. அதன்பின் வருகிற ஆயிரக்கணக்கான கைப்பிடிகளில் எல்லாவற்றையுமா அளக்கமுடியும்? நடுநடுவே ஒன்றை எடுத்து, தொங்குகிற முதலாமவரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவோம்.

இரண்டு வருடம் இதையே செய்தால் புத்தி அப்படியே ஆகிவிடும். சினிமாவுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவேன். மனிதர்களிடமும் அப்படித்தான்.

எழுதியவர் பெயர் கிடையாது

இதற்கிடையில் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்திருந்தேன். கைப்பிடிகளிடமிருந்து தப்பிக்க அது ஒன்றுதான் வழி என்று எண்ணம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பேராசிரியை எங்களுக்கு ஆளுக்கு ஒன்பது பக்கம் கொடுத்தார். ஒரு நாவலின் முதல் அத்தியாயம். அதன் இலக்கியக் கூறுகளை ஆராய்ந்து எழுதவேண்டும். நாவலின் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.

"பெயர் தெரிந்தால் அவரைப் பற்றி எழுதுவீர்கள். அத்தியாயத்தைப் பற்றி எழுதமாட்டீர்கள்," என்றார்.

அத்தியாயத்தில் ஒன்றும் நடக்காது. ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு வீடு. சாயங்காலம். ஒரு பெண் சமைத்துக்கொண்டே கணவனிடம் பேசுகிறாள். ரசத்தில் இன்று உப்புக் குறைச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். குழாய் ரிப்பேர்க்காரன் இன்றும் வரவில்லை என்கிறாள். இரண்டு தட்டு வைக்கிறாள். சாப்பிடுகிறாள். இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்க்கிறாள். ரயில் போகிறது. கதவைத் தாழிடுகிறாள். அவ்வளவுதான்.

நான் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். களம், ரயில்வே கேட். காலம், மாலை. பாத்திரங்கள், இரண்டு. கணவன் ஒரு வார்த்தைகூடப் பேசாததை வைத்து ஒன்றரைப் பக்கம் வெளுத்து வாங்கினேன். "பேசாத கணவன் ஆணாதிக்கத்தின் குறியீடு" என்று முடித்து அடிக்கோடும் போட்டேன். அவன் தட்டில் ரசம் ஊற்றப்படவில்லை என்பதுகூட என் கண்ணில் பட்டது. "கணவனுக்கு ரசம் பிடிக்காது. இது தம்பதியரின் முரணைக் காட்டுகிறது" என்று அதற்கும் ஒரு வரி.

பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது: "மறுபடி வாசிக்கவும். சான்றுடன் எழுதவும்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஃபர்ஸ்ட் பீஸைத் திருப்பி அனுப்பினால் எந்தச் சோதனைக்காரிக்கும் எரிச்சல் வரும். பத்துத் தடவை வாசித்தும் வேறு எதுவும் தட்டுப்படவில்லை. சத்தமாக வாசித்தால் ஏதாவது தோன்றுமோ என்றுதான் பஸ்ஸில் அக்காவுக்கு வாசிக்க ஆரம்பித்தேன்.

ரசம்

"அந்தாளு இல்ல, வேணி."

"எந்த ஆளுக்கா?"

"அதான், அது பேசிக்கினே கீதே, அதோட வூட்டுக்காரு. அவரு செத்துட்டாரு. அது தனியா கீது."

"அப்படி எங்கயும் எழுதலயேக்கா. தட்டு வைக்கா, சோறு போடுதா. எதை வச்சுச் சொல்லுதீங்க?"

அக்கா இப்போது திரும்பினார். "சோறு போட்டா, ரசம் ஊத்துனாளா?"

"ஊத்தல."

"ஊத்தினா அந்தச் சோத்த திருப்பி சட்டில போட முடியுமா?"

பஸ் ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாரி, அதன் மேல் வரிசையாகப் புதுக் கார்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கைப்பிடிகள். நான் அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். ஒன்பது பக்கத்திலும் கணவன் இருமவில்லை, நகரவில்லை. அவன் செருப்பு வாசலில் இருக்கிறது, அதன்மேல் தூசி. எல்லாம் அங்கேயே எழுதியிருந்தது.

"எப்படிக்கா உங்களுக்குத் தெரியும்?"

அக்கா டிபன் பாக்ஸ் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று புதன்கிழமை.

"நானும் அப்டித்தான் வக்கிறேன்," என்றார். "மூணு வருசமாச்சு. மொத மாசம் ஒரே ஒரு தட்டு கழுவிப் பாத்தேன். நல்லா இல்ல. அப்பாலேர்ந்து ரெண்டாவே வச்சிக்கினு கீறேன்."

"கேசரி?"

"அவரு தட்டுல கொஞ்ச நேரம் வச்சிட்டு, நான்தான் துன்னுவேன்."

இரண்டு வருடம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். நெத்திலி கேட்டவரை, டீக்கு அடம் பிடித்தவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பெனில யாருக்கும் தெரியாது," என்றார் அக்கா. அவர் ஊரிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் தென்காசி, தருமபுரி, ஒடிசா.

அதை ஒரு தகவலாக மட்டும்தான் கேட்டுக்கொண்டேன். அதில் ஒரு வேண்டுகோள் இருந்தது எனக்குக் கேட்கவில்லை.

சான்று

மறுநாள் வேலை முடிகிற நேரத்தில் தரச் சோதனை மேஜைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். எனக்குக் கை பழகிய படிவம் ஒன்றுதான். அதையே திறந்து, கைப்பிடியின் பெயர் இருந்த இடத்தில் "முதல் அத்தியாயம்" என்று போட்டேன். ஐந்து கட்டங்களும் மளமளவென்று நிரம்பின. என்ன பார்க்கிறோம் என்பதற்குக் கீழே களம், காலம், குரல், பொருட்கள், சொல்லாமல் விட்டது. எழுத எழுத உற்சாகம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதையின் உள்ளே போய்விட்டேன் என்று நினைத்தேன்.

சான்று என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: "ஸ்டெல்லா, பேக்கிங் பிரிவு. கணவர் இறந்து மூன்று வருடம். தினமும் இரண்டு தட்டு வைக்கிறார். இரண்டாவது தட்டில் ரசம் ஊற்றுவதில்லை."

பெயர் எதற்கு? சான்று என்றால் யார், எந்தப் பிரிவு என்று போடவேண்டும். அப்படித்தான் கை பழகியிருந்தது.

பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டது. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டேன்.

எனக்குப் பிறகு வந்த இரண்டாம் ஷிப்டுச் சோதனைக்காரர் நல்ல பிள்ளை. பேப்பர் போட்டார். அவர் எடுத்த ஃபர்ஸ்ட் பீஸ் ரிப்போர்ட்டுகளுக்கு முன்னால், காத்திருந்த என் இரண்டு பக்கங்களும் வெளியே வந்தன. அதே கட்டம், அதே தலைப்பு எழுத்து. ஷிப்டு ஆரம்பத்தில் அந்தப் பிரிண்டரிலிருந்து எது வந்தாலும் எங்கே போகும்? மொத்தமாக அள்ளி, கிளிப் போட்டு, லைன் பலகையில் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் லைனுக்குள் நுழைந்தபோது பலகையின் முன்னால் ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். உதடுகள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பச்சை அட்டையோடு ஒரு கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் இரண்டு ஷிப்டு ஆட்கள் அதைப் படித்துவிட்டிருந்தார்கள்.

கைகழுவும் குழாய்

யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூட அக்கா நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். எல்லாரும் அன்பாக இருந்தார்கள். மிஷின் ஓட்டும் பையன்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சூப்பர்வைசர் வந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷிப்டு மாத்திக் குடுத்திருப்பனே, ஸ்டெல்லாம்மா," என்றார். தருமபுரிப் பெண் ஒருத்தி அழுதேவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் கைகழுவும் குழாயடியில் அக்காவைப் பிடித்தேன். "அக்கா, தெரியாம நடந்துபோச்சு. வேணும்னு செய்யலக்கா," என்றேன். சொல்லிக்கொண்டே அழுதேன்.

அக்கா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"ஊர்ல அல்லாருக்கும் தெரியும், அவரு பூட்டாருன்னு. தெருவுல நடந்தா பாவமா பாக்கறாங்க. சர்ச்சுல பாவமா பாக்கறாங்க. இங்கதான் ஒருத்தருக்கும் தெரியாது. இங்கதான் அவரு உசுரோட இருந்தாரு. அதையும் எட்த்துட்டியே, வேணி."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் பஸ்ஸில் அவர் முன்பக்கம் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். நான்காவது இருக்கையில் ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது. நகர்ந்து உட்கார எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரும் வந்து உட்காரவும் இல்லை. அடுத்த புதன்கிழமை கான்டீனில் கேசரி போட்டபோது அக்கா அதை அங்கேயே சாப்பிட்டார். நான் எதிர் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ஓரத்தில் பேராசிரியை எழுதியிருந்தார்: "சான்று அருமை."

மீதி

ஒப்பந்தத் தொழிலாளர்களை கான்ட்ராக்டர் அவ்வப்போது கம்பெனி மாற்றி அனுப்புவார். இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லா அக்காவின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கடைசி நாள் பஸ்ஸில் ஏறியவர், நேராக நான்காவது இருக்கைக்கு வந்து நின்றார். "தள்ளு" என்றார். நான் காலை ஒதுக்கிக்கொள்ள, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அவர் இறங்க இன்னும் இரண்டு நிறுத்தம். வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அந்தக் கதைல, அந்தப் பொம்பள அப்பால இன்னா பண்ணா?"

"தெரியாதுக்கா."

"இன்னா தெரியாது?"

"எங்களுக்கு முதல் அத்தியாயம்தான் குடுத்தாங்க. மீதி நான் படிக்கல."

அக்கா என்னை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

"மீதி தெரியாமயே அம்மாம் எழுதிட்டியா?" என்றார்.

இறங்கிப் போய்விட்டார். ஃபோன் நம்பரையும் அதற்குப் பிறகு மாற்றிவிட்டார். அவர் மாறிப்போன கம்பெனி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். அந்த ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோக்களுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் யார் ஜன்னல் பக்கம் முகம் திருப்பியிருந்தாலும் இன்றும் குனிந்து பார்க்கிறேன். அவர் இல்லை.

எத்தனையோ பேர் அந்தப் பாதையில் வந்தார்கள், போனார்கள். எம்.ஏ. முடித்து நானும் கைப்பிடிகளிடமிருந்து தப்பித்துவிட்டேன். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனி வீடு. ஆறு வாளிகள் இல்லை, ஒன்றுதான். இரண்டரை மணிக்கு ஏதாவது கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்பும்போது, யாரிடமாவது ஒரு முழு வாக்கியம் பேசவேண்டும் போலிருக்கும்.

நாவலின் பெயரைப் பேராசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. வெட்கம்தான் காரணம். புத்தகம் அச்சில் இல்லை. ஒரு நூலகத்தின் அடித்தட்டில் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன்.

இந்த வாரப் பத்திரிகை மண்ணூர் டீக்கடைகளிலும் கிடக்கும். பஸ்ஸில் யாராவது யாருக்காவது வாசித்துக் காட்டவும் கூடும். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ஸ்டெல்லா இல்லை. ஊரையும் மாற்றியிருக்கிறேன், வேலையையும் மாற்றியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் செய்திருக்கவேண்டியதை இன்றைக்குச் செய்திருக்கிறேன்.

அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. கடைசி அத்தியாயத்தில் அந்தக் குழாய் ரிப்பேர்க்காரன் வருகிறான். நல்ல மழை. போக வழியில்லாமல் நிற்கிறவனைச் சாப்பிடச் சொல்கிறாள். அவன் நேராகப் போய் இரண்டாவது தட்டின் முன்னால் உட்காருகிறான். "அது அவர் தட்டு," என்கிறாள்.

அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை அக்கா. பரணிலிருந்து மூன்றாவதாக ஒரு தட்டு எடுத்துக் கழுவிவைத்தாள். அதில் ரசம் ஊற்றினாள்.